மஞ்சளாக நிற்க வேண்டிய வரிசை

அன்று காலை கப்பல்துறைச் சோயாத் தோட்டத்தில் நின்றவர்கள்: புது இனத்தை உருவாக்கிய துஷாந்தி; அதைப் பார்த்து முடிவு சொல்ல வந்த மேலதிகாரி லாபிர்; மண்வெட்டியோடு கூலிக்கு வரும் பஸ்மியா; துஷாந்தியின் புருசன் இராகுலன்.

இராகுலன் வந்திருக்கவே தேவையில்லை. இரவு முழுக்கத் துறைமுகத்தில் கோதுமை இறக்கிவிட்டு வந்தவன் பாயில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் இன்று லாபிர் தலையாட்டினால் அடுத்த போகத்துக்கு அவள் சோயா கிளிவெட்டி விவசாயிகளின் காணிக்குப் போகும். ஆட்டாவிட்டால் போகாது. வருடக்கணக்காக ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் தடவித் தடவி அவள் பெற்றெடுத்த இனம் அது. இந்த மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் பக்டீரியாவையே வேரில் குடியேற்றி, முடிச்சு வைத்து, காற்றிலிருந்தே தனக்கு வேண்டிய நைதரசனை எடுத்துக்கொள்ளும். விவசாயி யூரியாவுக்கு அலையத் தேவையில்லை.

லாபிர் ஒரு செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளினார். உள்ளே இறைச்சி போலச் சிவப்பு.

“நல்லா வேலை செய்யிது மிஸ்,” என்றார்.

இராகுலனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவனிடம் இன்னொரு பெருமையும் ஒளிந்திருந்தது. துஷாந்தி பயிற்சிக்கென்று கண்டிப் பக்கம் போய் நேற்றிரவுதான் திரும்பியிருந்தாள். அதுவரை தண்ணீர் விட்டது அவன்தான். அவள் போன கையோடு ஒரு வகைச் செடி மட்டும் மஞ்சட்காமாலை வந்ததுபோல வெளிறத் தொடங்கியது. தோட்டத்தில் மூன்று இடத்தில் அந்த வகை நின்றது. மூன்றும் வெளிறின. யாருக்கும் சொல்லாமல் பிடி பிடியாக யூரியா எறிந்தான். ஒரு கிழமையில் எல்லாம் பச்சை.

அந்த வகை நின்ற ஒரு வரிசைக்கு முன்னால்தான் இப்போது லாபிர் நின்றார்.

“இது முடிச்சு வைக்காத சாதியெல்லோ? எப்பிடிப் பச்சையா நிக்கிது?”

துஷாந்தி ஒன்றைப் பிடுங்கினாள். வேரில் ஒரு முடிச்சும் இல்லை. இலை மட்டும் பச்சை. அவள் பார்வை நேரே இராகுலனிடம் போனது.

“என்னப்பா போட்டனீங்கள்?”

“யூரியா. கொஞ்சம்தான்.”

“ஏன்?”

“மஞ்சளாக் கிடந்தது துஷா. நீர் வந்து பாத்தா அழுவீர் எண்டு...”

“அது மஞ்சளாத்தான் நிக்கோணும்! அதை வைச்சுத்தானே மற்றதுகள் காத்தில இருந்து எவ்வளவு எடுத்ததெண்டு அளக்கிறது. இப்ப எதை வைச்சு அளக்க? பக்கத்து வரிசையளுக்கும் ஊறியிருக்கும். மூண்டு இடத்திலயும் போட்டீங்களோ?”

“ஓம். ஒண்டுக்குப் போட்டிட்டு மற்றதைப் பசியில விட ஏலுமே?”

பஸ்மியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “வயலுக்குப் போட்டு மிஞ்சினதை என்னட்டத்தான் கேட்டார். வீட்டு ரோசாவுக்கு எண்டார். பொண்டாட்டிட செடியெல்லாம் இவருக்கு ரோசாதானாக்கும்!”

லாபிருக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் கையெழுத்து வைக்கவில்லை.

“இந்த நிலம் இனிச் சரிவராது மிஸ். உரம் படாத மண் இருந்தா இந்தக் கிழமையே திரும்ப விதை போடுங்க. காய்க்கிற நேரம் வாறன்.”

உரம் படாத மண்ணுக்கு இந்தப் பக்கத்தில் எங்கே போவது? துஷாந்தி கையிலிருந்த செடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இராகுலனுக்கு ஓரிடம் தெரியும். வீட்டோடு ஒட்டிய வளவு. பகலில் நித்திரை கொள்கிறவனுக்கு இருட்டறை ஒன்று வேண்டுமென்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அங்கே சீமெந்துக் கல்லும் இறக்கி அடுக்கியிருந்தான். ஒரு பிடி எரு கண்டிராத மண்.

“எங்கட வளவு கிடக்கு,” என்றான்.

“அது உங்கட அறைக்கெல்லோ?”

“கல்லு எங்கயும் ஓடாது.”

“எனக்கு இன்னும் கோவம்தான்,” என்றாள். சொல்லிக்கொண்டே அவன் தலைமயிரில் ஒட்டியிருந்த கோதுமைத் தூசைத் தட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் யன்னலுக்கு இரண்டு தார்ப்பாய்ப் படங்குகளை மடித்துக் கட்டினாள். அறை ஓரளவு இருண்டது. இராகுலன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

“கல்லை ஆர் தூக்கிறது?”

“நானும் பஸ்மியா அக்காவும் தூக்குவம். நீங்கள் போய்ப் படுங்கோ. இந்தமுறை அதுகள் மஞ்சளாகிச் செத்தாலும் கிட்ட வரப்படாது.”

“தண்ணி மட்டும்...”

“தண்ணியும் வேண்டாம்.”

குசினிப் பக்கமும் ஒரு கதவு இருந்தது. அது இருவருக்கும் தெரியும். அவன் கொட்டாவி விட்டபடி உள்ளே திரும்பினான். அவன் முதுகுக்குப் பின்னால் அவள் முன்கதவைச் சாத்தி, வெளியே திறப்பைப் போட்டுத் திருப்பினாள். பூட்டு விழுந்ததா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தாள்.