ஒட்டுக் கேட்ட கொட்டகை

கணவன் செருப்பை உதறிய வேகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஆபீசில் ஏதோ நடந்திருக்கிறது என்று.

"சூப்பரண்டு என்னை ஒட்டுக் கேக்கறவன்னு சொல்லிட்டாரு. அத்தனை பேர் முன்னாடி!"

பழைய அரண்மனையின் பின்கட்டில் இயங்கும் வரி அலுவலகத்தில் அவன் எழுத்தர். முன்கட்டில் உள்ள அருங்காட்சியகத்துக்கு அவள் காப்பாட்சியர்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"மாமியாருக்கு உடம்பு தேவலையா சார்னு கேட்டேன். அக்கறையாத்தான் கேட்டேன். அவரு யார்கிட்டயும் சொல்லலையாம்."

"அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பொண்டாட்டிகிட்ட போன்ல பேசினாரே! 'தப்புதாம்மா, இனிமே செய்ய மாட்டேம்மா'ன்னு தினமும் கெஞ்சறாரு. காதைப் பொத்திக்கிட்டா உக்கார முடியும்? இப்ப மாத்தல் போடறேங்கறாரு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதியில் நின்றும் போயிற்று.

"நடுவுல மூணு ரூம் இருக்கேங்க. எப்படிக் கேக்குது?"

"மேலேருந்து விழுது. காதுகிட்ட வந்து சொல்ற மாதிரி."

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

கடைசி ராஜாவின் மகளுக்கு நாடகப் பைத்தியம். அவளுக்காக ராஜா அரண்மனைக்குள்ளேயே ஒரு கொட்டகை கட்டினார். காய்ச்சலில் மகள் போய்ச் சேர்ந்ததும் அதை இழுத்துப் பூட்டியவர், சாகும்வரை அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிறகு அரண்மனை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. பெரிய கூடங்களையெல்லாம் பலகை வைத்து அறை அறையாகத் தடுத்து, கூரை தெரியாதபடி மேலேயும் தட்டி அடித்தார்கள். கொட்டகை எங்கே இருந்தது என்பதே மறந்துபோயிற்று. எரிந்துவிட்டது என்றார்கள் சிலர், தோட்டத்தில் இருந்தது என்றார்கள் சிலர். தோட்டத்தை நம்பி அவள் தோண்டியதில் ஒரு பழைய சாக்கடைதான் கிடைத்தது. பத்திரிகைக்காரர்கள் கிழிகிழியென்று கிழித்தார்கள். அதன்பிறகு கொட்டகை என்ற பேச்சையே அவள் எடுத்ததில்லை.

மறுநாள் காலை கணவனையும் கூட்டிக்கொண்டு சூப்பரண்டு முன்னால் போய் நின்றாள்.

"என்னம்மா, வீட்டுக்காரருக்குச் சிபாரிசா?"

"இல்ல சார். நீங்க கொஞ்சம் அவர் சீட்டுல போய் உக்காருங்க. நான் இங்கேருந்து பேசறேன்."

முணுமுணுத்துக்கொண்டே அவர் போனார்; கணவனும் பின்னாலேயே போனான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சார், இவரு பொல்லாதவர் இல்ல. வாய்தான் கொஞ்சம் நீளம்."

அவளுடைய உச்சந்தலைக்கு மேலிருந்து சூப்பரண்டின் குரல் இறங்கியது.

"அடக் கடவுளே! யோவ், அப்ப எல்லாமே கேட்டுச்சா?"

"கொஞ்சம் கொஞ்சம் சார்," என்றது கணவன் குரல்.

மாத்தல் பேச்சு அத்தோடு காற்றோடு போயிற்று. எலெக்ட்ரீஷியன் ஏணி கொண்டுவந்து மேல்தட்டியில் ஒரு பலகையைக் கழற்றினார். அவள் டார்ச்சோடு ஏறித் தலையை உள்ளே நீட்டினாள்.

கீழே நின்று ஏணியைப் பிடித்திருந்த கணவன் கேட்டான்: "என்ன தெரியுது? மறுபடியும் சாக்கடையா?"

அவள் டார்ச்சைச் சுழற்றினாள். மேலே, கவிழ்த்த ஓடம் போல வளைந்த மரக்கூரை. அதில் நீலமும் பொன்னுமாய்ப் பறவைகள், ஒன்றுகூட உதிராமல். பக்கவாட்டில் மாடத்தின் கைப்பிடி. தொலைவில் மேடையின் வளைவு. திரை இழுக்கும் உருளையில் கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தடுப்பறைகளுக்குள் கிசுகிசுத்ததெல்லாம் தட்டியின் இடுக்கு வழியே ஏறி, அந்த வளைவில் பட்டுத்தான் கீழே இறங்கியிருக்கிறது.

"வந்து பாருங்களேன்," என்றாள்.

ஆபீசை வேறு கட்டடத்துக்கு மாற்றச் சொல்லி மேலிடத்தை நச்சரித்து எடுத்தவர் சூப்பரண்டுதான். "என் குடும்ப மானம் கூரையேறிப் போகுது சார்" என்று போகிற இடமெல்லாம் முறையிட்டார். இழுத்தடித்துத்தான் நடந்தது என்றாலும், நடந்தது. தடுப்புகள் ஒவ்வொன்றாக விழ, கூடம் மெல்ல மெல்ல அகலமானது.

இன்னும் நாற்காலி இல்லை. ஒரு மூலையில் மழை ஒழுகுகிறது. அதற்குள் பக்கத்து ஆஸ்பத்திரி நர்சுகள் நாடகம் போட இடம் கேட்டு வந்துவிட்டார்கள்.

"கூரை வேலை முடியட்டுமே," என்றாள் அவள்.

"ஒழுகற இடத்துல பக்கெட் வெச்சுக்கறோம் மேடம். ஒத்திகைதானே!"

அவள் சாவியைக் கொடுத்தாள். அன்றைக்கே மேடையில் சண்டை மூண்டது: ராணி வேடத்துக்கு நான்கு பேர், ராஜாவாக ஒருத்திகூடத் தயாரில்லை. கூடத்தின் கடைக்கோடியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டையின் ஒவ்வொரு சொல்லும் அங்கேவரை கணீரென்று கேட்டது.