பதினாறு பேரும்தான் நிறுத்தினோம்

காலை நாலேமுக்காலுக்கு முதல் வண்டி வந்துவிடும். மூன்று ஆஸ்பத்திரிகளின் முந்தைய நாள் அழுக்கு முழுவதும் அதில் இருக்கும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி, யாருடைய வலியோ காய்ந்து ஒட்டிக்கொண்ட துண்டுகள். மூட்டையை அவிழ்த்ததும் வாடை முகத்தில் அறையும். புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் சாப்பிட மாட்டார்கள். இரண்டாம் வாரம் எங்களைவிட நன்றாகச் சாப்பிடுவார்கள்.

எங்கள் சலவைக்கூடத்தில் பதினாறு மெஷின், பதினாறு ஆள். நான் டிரையரில். தண்ணீர் குடித்துக் கனத்த விரிப்புகளைத் தோளில் சுமந்து வந்து அதன் வயிற்றுக்குள் திணிக்க வேண்டும். மதியத்துக்குள் நாற்பது நடை. முன்பக்கம் அனல், முதுகில் ஈரம். துவைக்கிற ட்ரம்மில் நிற்பவரை வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் ட்ரம் அண்ணன் என்போம்.

துணி தேய்க்கிற ரோலரில் நிற்பவள் என் நாத்தனார். ஆவியில் கொதிக்கிற இரண்டு உருளைகளுக்கு நடுவே விரிப்பின் நுனியை ஊட்டிவிடுவது அவள் வேலை. வீட்டில் என்னைக் கண்ணில் விரலை விட்டு ஆட்டுவாள். ஆனால் வேலையில் அவள் கைவேகம் யாருக்கும் வராது. அடித்த புருஷனை விட்டுவிட்டு, ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள். இந்த வேலை இருக்கிற தைரியத்தில்தான் வந்தாள். அதை அவளே எல்லோரிடமும் சொல்வாள்.

கூடத்தில் எங்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருத்தியின் கை ரோலருக்குள் போனபோது, அலறல் எங்கிருந்து வருகிறதென்று எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தோம். பதினாறு மெஷின் இரைச்சலில் திசை தெரியவில்லை. பார்த்து முடிப்பதற்குள் இரண்டு விரல் போய்விட்டது. அன்றைக்கு நாங்களே உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். "கை!" என்று யார் கத்தினாலும், யாருடையது என்று பார்க்கக் கூடாது. அவரவர் எதிரில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அடிக்க வேண்டும். எல்லாம் நின்றால்தான் யார் அழுகிறார்கள் என்று காதில் விழும். புது ஆள் வந்தால் முதல் நாள் இதைத்தான் சொல்லிக்கொடுப்போம். சம்பளத் தேதியைக்கூட அப்புறம்தான் சொல்வோம்.

நாலு மாதத்துக்கு முன்னால் நாத்தனாரின் வலது கை சிக்கியது. கையுறை கேட்டு மூன்று தடவை எழுதிக்கொடுத்திருந்தாள், வரவில்லை. "கை!" என்று கத்திக்கொண்டே இடது கையால் தன் பொத்தானை அவளே அடித்தாள். அவள் குரல் அடங்குவதற்குள் மற்ற பதினைந்து மெஷினும் நின்றுவிட்டன. அந்த அமைதியில் முனகலைக் கேட்டு ட்ரம் அண்ணன் ஓடிப்போய் உருளையை விலக்கினார். உள்ளங்கைத் தோல் உரிந்து வந்தது, விரல் ஐந்தும் பிழைத்தன. ஒன்றரை மாதத்தில் திரும்பி வந்து அதே ரோலரில் நின்றாள்.

எங்கள் ஒப்பந்தம் பதினோரு மாதம். பத்து வருடம் உழைத்தவரும் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புது ஆளாக விண்ணப்பிக்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு மேஸ்திரி வந்து ஆள் பொறுக்குவான். அவனைக் கவனித்தால்தான் பெயர் ஏறும். பெண்களிடம் வேறு மாதிரியும் கேட்பான். இந்த வருடம் அவனை நிறுத்திவிட்டார்கள். இனிமேல் போனில் ஏஐ பேசும், கேள்வி கேட்கும், நாம் சொல்வதைச் சுருக்கி எழுதி முதலாளிக்கு அனுப்பும் என்றார் சூப்பர்வைசர். எல்லோருக்கும் முன்னால் சந்தோஷப்பட்டவள் நான்தான். அந்த மேஸ்திரியின் மூஞ்சியில் விழிக்க வேண்டாமே!

உண்மையைச் சொல்ல வேண்டும், அது நன்றாகத்தான் பேசியது. ஊர் கேட்கவில்லை, உறவு கேட்கவில்லை. எழுதத் தெரியாதவர்களும் பேசினால் போதும். "அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்" என்றது. எங்கள் வாழ்நாளில் வேலை கொடுக்கிற இடத்திலிருந்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. ட்ரம் அண்ணன் தன் ரத்த அழுத்தம், மகளின் பரீட்சை எல்லாவற்றையும் அதனிடம் கொட்டிவிட்டு, கடைசியில் "நீ சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டாராம். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

அதன் கேள்விகளில் ஒன்று, "வேலையில் ஒரு நெருக்கடியை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்பது. எங்களுக்கு வேறு எந்த நெருக்கடி நினைவுக்கு வரும்? நாத்தனாரின் கை சிக்கிய காலையைத்தான் பதினாறு பேரும் சொன்னோம். "நான் உடனே மெஷினை நிறுத்தினேன்" என்றுதான் பதினாறு பேரும் சொன்னோம். மற்றவர்களும் நிறுத்தினார்கள் என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. மூச்சு விட்டேன் என்று யாராவது சொல்வார்களா?

வெள்ளிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் பட்டியலை ஒட்டினார்கள். காரணம் எழுதியிருந்த பத்தியை மறைக்க சூப்பர்வைசர் மறந்துவிட்டார். அதனால்தான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. தேர்வானது நான் ஒருத்தி. 'நெருக்கடியில் இயந்திரத்தை நிறுத்தியவர், நம்பத்தக்கவர்.' மற்ற பதினைந்து பேருக்கும் ஒரே வரி. 'இன்னொருவர் செய்ததைத் தான் செய்ததாகக் கூறுகிறார். நேர்மை குறைவு.' முதலில் பேசியவள் நான். ஆகவே நான் சொன்னது உண்மையாகி, எனக்குப் பின்னால் பேசியவர்கள் எல்லாம் என்னிடமிருந்து திருடியவர்களாகிவிட்டார்கள்.

நாத்தனாருக்கு மட்டும் கூடுதலாக ஒன்று இருந்தது. 'விபத்துக்குக் காரணமானவர். கையுறை அணியாமல் வேலை செய்யும் பழக்கம் உள்ளவர்.' அவள் போனில் பேசியபோது நான் பக்கத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையுறை கேட்டும் தரவில்லை என்றுதான் சொன்னாள். பழக்கம் என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. அதை அந்த ஏஐ தானாகவே கோர்வையாக இட்டுக்கட்டி எழுதியிருந்தது.

"இந்தக் குறிப்பு வேற கம்பெனிக்கும் போகுமா சார்?" என்று கேட்டாள்.

சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். "இந்தப் பக்கத்துல எல்லாரும் அதையேதாம்மா வெச்சிருக்காங்க. போகும்."

கை கழுவுகிற குழாயடியில் அவள் என்னைத் தனியாக இழுத்தாள். "அண்ணி, நீ போய்க் கையெழுத்தைப் போட்டுடு. வீட்டுல ஒரு சம்பளமாவது வரணும்."

"நீ என்ன பண்ணுவே?"

"என்ன பண்றது. திரும்பி அங்கதான் போகணும். பிள்ளை இருக்கே." புருஷன் வீட்டைத்தான் 'அங்க' என்றாள். அந்தப் பேச்சை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எனக்குத் தாங்கவில்லை. கூடவே, எனக்கு வேலை இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. பொய் சொல்வானேன், இருந்தது. அதை நினைத்துத்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை வண்டி வந்தது. ஆபரேஷன் துணியை மட்டும் முதலில் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்பினோம். மற்ற மூட்டைகளைப் பிரிக்கவில்லை. ஒன்பது மணிக்கு முதலாளி வந்ததும் பதினாறு பேரும் அவர் அறைக்குள் போனோம். அந்த அறைக்குள் நாங்கள் ஒன்றாக நுழைந்தது அதுதான் முதல் தடவை.

"என்ன இது கூட்டம்?" என்றார்.

"கூட்டம் இல்ல சார், நாங்கதான்," என்றார் ட்ரம் அண்ணன். "ஒண்ணாப் பார்த்ததில்லையா, அதான் அப்படித் தெரியுது."

"லிஸ்ட் விஷயம்னா பேசிப் பிரயோஜனம் இல்ல. அதை நான் போடல. ஏஐ போட்டது. அதுக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்க கிடையாது. மேஸ்திரி கொள்ளையடிக்கிறான்னு நீங்கதானே அழுதீங்க?"

"அழுதோம். இது வந்தப்போ சந்தோஷமும் பட்டோம்," என்றேன். "நாங்க பேசினதை நீங்க கேட்டீங்களா சார்?"

"சுருக்கம் வந்துச்சு."

"அதைக் கேக்கல. பேசினதைக் கேட்டீங்களா?"

"ஆளுக்குக் கால் மணி நேரம். பதினாறு பேர். நாலு மணி நேரம் உட்கார்ந்து கேக்கச் சொல்றியா? அப்புறம் அதை எதுக்குக் காசு கொடுத்து வாங்கினேன்?"

"பதினோரு மாசம் உழைச்சிருக்கோம் சார். எங்களுக்கு ஒரு நாலு மணி நேரம் இல்லையா?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "சரி, நேராவே கேக்கிறேன். அன்னைக்கு மெஷினை நிறுத்தினது யாரு?"

"நாங்கதான்."

"ஒருத்தரைச் சொல்லு."

"ஒருத்தர் இல்ல. பதினாறு பேரும்தான் நிறுத்தினோம்."

சிரித்தார். "பார்த்தியா? இதைத்தான் அதுவும் எழுதியிருக்கு."

அப்போது ட்ரம் அண்ணன் எங்கள் சட்டத்தைச் சொன்னார். இரண்டு விரல் போன கதையிலிருந்து சொன்னார். முதலாளியின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. தன் கூடத்தில் அப்படி ஒரு வழக்கம் இருப்பதே அவருக்குத் தெரியாது. நம்பாமல் சூப்பர்வைசரைப் பார்த்தார்.

சூப்பர்வைசரும் ஒப்பந்த ஆள்தான். ஆனாலும் சொன்னார். "உண்மைதான் சார். கேமராவுல பார்த்தீங்கன்னா எல்லா மெஷினும் ஒரே நேரத்துல நிக்கிறது தெரியும்."

"சரி, ஏதோ தெரியாம எழுதிடுச்சு," என்று முதலாளி குரலை இறக்கினார். "ஆனா திங்கட்கிழமை புது ஆள் வர்றாங்க. வேணும்னா ஒரு அஞ்சு பேரைத் திரும்பச் சேர்க்கப் பார்க்கிறேன். அஞ்சு யாருன்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க. கையில அடிபட்ட அந்தம்மா மட்டும் வேண்டாம், அது வேற சிக்கல்."

பதினைந்து பேரில் ஐந்து பேர். எங்களை எங்கள் கையாலேயே வெட்டிக்கொள்ளச் சொன்னார். என் பெயர் அச்சடித்த ஒப்பந்தத் தாள் மேசைமேல் தயாராக இருந்தது. அதை எடுத்து, கையெழுத்துப் போடாமல், பக்கத்தில் கிடந்த, பதினைந்து பேரைக் கழித்த பட்டியலின் நகலுக்குள் செருகி அவர் பக்கம் தள்ளினேன்.

"உனக்குத்தான் வேலை இருக்கேம்மா?"

"நான் நிறுத்தினது என்னோட டிரையரை. இவளோட ரோலரை நிறுத்தினது இவளேதான், வெந்துக்கிட்டு இருக்கிறப்போ. இவளைத் திருடின்னு எழுதிட்டு எனக்குத் தர்ற வேலை எனக்கு வேண்டாம். எழுதுறதுன்னா பதினாறு பேரையும் எழுதுங்க."

"அண்ணி!" என்று நாத்தனார் என் முழங்கையைப் பிடித்தாள். "நான் கேட்டேனா உன்னை?"

"கேக்கல. நீ சும்மா இரு."

"நாங்க அந்த ஏஐ வேண்டாம்னு சொல்லல," என்றார் ட்ரம் அண்ணன். "நல்லாப் பேசுது, பேசட்டும். எங்களைப் பத்தி எழுதினதை எங்களுக்குப் படிச்சுக் காட்டட்டும். தப்புன்னா நாங்க சொல்லுவோம், திருத்தணும்."

பின்னாலிருந்து, மடிப்பு மெஷினில் நிற்கிறவள் குரல் கொடுத்தாள். எப்போதும் வாயே திறக்காதவள். "வேலை இல்லன்னு சொல்றதா இருந்தா ஒரு மனுஷன் எங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும் சார். முழுசாக் கேட்டுட்டுச் சொல்லணும்."

"மிரட்டுறீங்களா? மதியம் வண்டி போகலைன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும். அதான் ஆபரேஷன் துணி காலையிலேயே போயிடுச்சு," என்றேன். "நோயாளியோட எங்களுக்கு என்ன சண்டை? மத்ததெல்லாம் நிக்குது."

ட்ரம் அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் உட்கார்ந்தோம். இடம் போதவில்லை, நாலைந்து பேர் வாசலுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார். பிறகு அவரும் கதவோரமாக உட்கார்ந்தார். முதலாளியின் போன் மேசைமேல் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அதை எடுக்கவும் இல்லை, எங்களைப் போகச் சொல்லவும் இல்லை.

நாத்தனார் மட்டும் எழுந்து நின்றாள். தோல் உரிந்து வளர்ந்த கையை முந்தானைக்குள் மறைத்து வைப்பது அவள் வழக்கம். இப்போது மறைக்கவில்லை.

"இப்பவே கேட்டுடுங்க சார். முதல்ல நான்."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, சுருக்கமாச் சொல்லு."

"சுருக்கம்தான் உங்ககிட்ட இருக்கே சார்," என்றாள் அவள். மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். அதைத் தணிக்காமல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.