கழற்றிய திருகாணிகள்

பியானோவின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே சொருகியிருந்த திருகாணியைப் போக்னா இடுக்கியால் பிடுங்கி, காலியான வெள்ளரி ஊறுகாய்ப் புட்டியில் போட்டாள். டிங் என்றது.

"சீக்கிரம் ஆகட்டும்டி," என்றாள் ஃபெலிட்ஸ்யா அத்தை. சாவு வீட்டு வழக்கப்படி கூடத்துக் கண்ணாடியை மூட வெள்ளைத் துணி தேடிக்கொண்டிருந்தாள். தம்பிக்கு இன்னும் உயிர் போகவில்லை. ஆனால் அத்தைக்கு எல்லாமே முன்கூட்டித் தயாராக இருக்க வேண்டும். "ஜெபமாலை சொல்ல பில்டிங் பூரா வரும். பாதிரியார் வருவார். இரும்புக் கடைய திறந்து வெச்ச மாதிரி இந்தப் பியானோவப் பார்த்தா என்ன நினைப்பாங்க? ஒரு தோத்திரப் பாட்டாவது ஒழுங்கா வாசிக்க வேணாமா?"

உள்ளறையில் போக்னாவின் அப்பா லூதோமிர் கிடந்தார். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

திருகாணி, ஜன்னல் கொக்கி, ரப்பர் துண்டு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பியானோவுக்குள் சொருகி இசையமைத்த மனிதர். வார்சாவில் கைதட்டினார்கள். கடோவிட்சேயில், இந்தச் சுரங்கக்காரர்கள் குடியிருப்பில், சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டபோது, சுரங்கத்தில் என்றுதான் போக்னா சொல்லி வைத்திருந்தாள். அது அவர் காதுக்கும் வந்தது. "அதுவும் கஷ்டமான வேலைதாம்மா," என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ஆணி. டிங்.

"யாரது, பியானோகிட்ட?" உள்ளேயிருந்து நூலாய் ஒரு குரல்.

கை அந்தரத்தில் நின்றது. "நான்தாம்ப்பா."

"நீயா?" மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது. "நிறுத்தாதம்மா."

மகள் தன் பாட்டை வாசிக்கிறாள் என்று நினைத்துவிட்டார், பாவம். போகிற நேரத்தில் அந்தச் சந்தோஷமாவது இருக்கட்டும் என்று, பிடுங்கியதை உடனே போடாமல் நிறுத்தி நிறுத்திப் போட்டாள். நடுநடுவே ஒரு கம்பியைச் சுண்டினாள். சாகிறவரை ஏமாற்றுகிறோமே என்று கூசிக்கொண்டேதான் செய்தாள். கடைசியாக வந்தது ஒரு ரப்பர் துண்டு. அது சத்தமில்லாமல் விழுந்தது.

உள்ளே, போகிற உயிருக்கு வழிவிட, அத்தை ஜன்னலைத் திறந்தாள்.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் கூடத்தில் கோழி சூப் குடித்துக்கொண்டிருந்தபோது இர்மினா பியானோவின் மூடியைத் திறந்தாள். அப்பாவின் மாணவி. ஒலிப்பதிவுக் கருவியோடு க்ராக்கோவிலிருந்து ரயிலில் வந்திருந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, உள்ள இருந்ததெல்லாம் எங்க?"

"கழட்டியாச்சு. ஆள வெச்சு சுருதியும் சேர்த்தாச்சு," என்று அத்தை பெருமையாக முந்திக்கொண்டாள். "இப்பத்தான் பியானோ மாதிரி இருக்கு. நீ ஒரு தோத்திரம் வாசி கண்ணு."

இர்மினா போக்னாவின் பக்கம் திரும்பினாள். "புரொபசரோட கடைசி வேலை அதுதான்க்கா. எழுதி வைக்கல. எந்த ஆணி எங்க நிக்குதோ அதுதான் பாட்டு, வந்து வாசிச்சுப் பதிவு பண்ணிக்கோன்னார்."

"எனக்குத் தெரியாதே," என்றாள் போக்னா. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. "ஆனா அப்பா கேட்டுட்டுதான் இருந்தார். நான் வாசிக்கிறேன்னு நினைச்சுக்கிட்டார்."

"புரொபசரா?" இர்மினா அவளையே பார்த்தாள். "நான் வாசிக்கும்போது ஒரு ஆணி மயிரிழை நகர்ந்தாலும் அடுத்த ரூம்லருந்து கத்துவாரே. வாசிக்கிறதுக்கும் கழட்டுறதுக்கும் அவருக்கா வித்தியாசம் தெரியாது?"

அவள் குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது. போக்னாவுக்கு முகமெல்லாம் எரிந்தது.

பாதிரியார் தொண்டையைச் செருமினார். எல்லோரும் எழுந்தார்கள். வேறு வழியில்லாமல் இர்மினா உட்கார்ந்து தோத்திரத்தைத் தொடங்கினாள். பிசிறில்லாத சுருதி.

"இப்படித்தான் இருக்கணும்," என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போக்னா சமையலறைக்குப் போய் அலமாரியிலிருந்து புட்டியை எடுத்தாள். மார்போடு அணைத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள். மூச்சு விட்டாலே உள்ளே குலுங்கியது. யாருக்கும் கேட்டுவிடாதபடி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.