பெயர் காட்டாத பலகை

…திரையில் இந்த நீல வட்டம் மட்டும் இப்போது சுற்ற ஆரம்பிக்கக் கூடாது, நாற்பது நிமிடம், ஒரே ஒரு பாடவேளை, அதுவரை இணையம் காலை வாராமல் இருந்தால் போதும் என்று ஓவிய ஆசிரியை மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள், யாரிடம் கெஞ்சுகிறாள், சுவரில் மாட்டியிருக்கும் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியிடமா, கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் கல்வி அதிகாரியிடமா… அவர் மடியில் ஒரு படிவம், அதில் கட்டம் கட்டமாக எதையோ நிரப்புகிறார், இன்னும் பாடமே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் என்ன எழுதுகிறார்? என் புடவையையா? இருப்பறையில் பிரிக்காமல் கிடந்த கைக்கணினிகளைக் கேட்டு ஆறு மாதம் நடையாய் நடந்து, படம் வரைய பென்சில் போதாதா என்ற சக ஆசிரியர்களின் கேலியைச் சிரித்து விழுங்கி, இந்த வயதில் காணொளி பார்த்து ஒவ்வொரு பொத்தானாகக் கற்றுக்கொண்டு… எல்லாம் இந்த மனிதரின் ஒரு கையெழுத்தில். அவர் சரி என்றால் மற்றப் பள்ளிகளுக்கும் இதே பாடம் போகும், இல்லையென்றால் கருவிகள் நாளைக்கே கணக்கு வகுப்புக்கு. வட்டம் சுற்றவில்லை. எங்கோ கடல் தாண்டியிருக்கும் ஓர் அருங்காட்சியகத்தின் கதவு புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் திறந்தது, பழைய ஓவியம் ஒன்றை அவள் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள், காய்ந்த சாயத்தின் வெடிப்புகள் ஆற்றுப்படுகை மாதிரி விரிந்தன, ஒரு மாணவி எழுந்து வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தாள், வகுப்பு சிரித்தது, அதிகாரிகூடப் பேனாவை நிறுத்தினார். அப்பாடா.

அடுத்தது பொதுப் பலகை. இருபத்தெட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு சதுரம், அவரவர் கருவியில் வரைவது சுவரில் எல்லோருக்கும் தெரியும், யாருடையது என்பது மட்டும் தெரியாது, சதுரங்கள் ஒவ்வொரு முறையும் இடம் மாறும். பெயரை மறைத்தது அவள் யோசனைதான், காகிதத்தில் வரையும்போது பாதிப்பேர் கையால் மூடிக்கொள்வார்கள், கழுத்தை நீட்டிப் பார்த்தால் அழுதுவிடுவார்கள், பெயர் போனதும் கைகள் விலகின. "உங்க வீட்டுல ஏதாவது ஒரு அறை. இருக்கிற மாதிரியே வரையுங்க. யார் வரைஞ்சதுன்னு தெரியாது, பயமே வேண்டாம்." சதுரங்கள் நிறைய ஆரம்பித்தன, கட்டில், மின்விசிறி, பூனையா தலையணையா என்று சொல்ல முடியாத ஒன்று, பதினோராவது சதுரத்தில்… அட, யார் இது, தரையின் கோடுகள் தூரத்தில் சேரும் இடம் எவ்வளவு சரியாக வந்திருக்கிறது, நானே சொல்லிக்கொடுத்தாலும் இப்படி வராதே, பெரிய அலமாரி, அதன் பின்னால் கதவின் மேல்பாதி, தரையில் ஏதோ நிழல்… நிழல் இல்லை. கீறல். அலமாரியை இழுத்த கீறல். ஒருமுறை அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை. கதவை அடைத்து யாராவது அலமாரி வைப்பார்களா? தாழ்ப்பாள் ஒற்றை ஆணியில் தொங்குகிறது. வெளியே இருந்து யாரோ இடித்திருக்கிறார்கள்.

"அந்தப் பதினொண்ணு பிரமாதமா இருக்கே," என்றார் அதிகாரி பின்னாலிருந்து. "யார் வரைஞ்சது? பேரைக் காட்டுங்க டீச்சர், அந்த வசதியும் இருக்குதானே?"

இருக்கிறது. ஒரே ஓர் அழுத்தம், இருபத்தெட்டுப் பெயர்களும் சுவரில் வந்து நிற்கும். பிள்ளைகள் எல்லோரும் திரும்பி அவளையே பார்க்கிறார்கள், அதில் ஒரு ஜோடிக் கண் மட்டும் பார்க்காமல் இருக்கும், எது, தேடாதே, தேடினால் மற்றவர்களும் தேடுவார்கள்… "காட்ட முடியாது சார்." "முடியாதா, தெரியாதா?" வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தெரியாது என்று சொல்லிவிடலாம், ஆறு மாத உழைப்பு ஒரே வார்த்தையில் மண்ணாகிவிடும், முடியாது என்றால் ஏன் என்று கேட்பார், ஏன் என்பதை இந்த அறையில் சொல்ல முடியுமா? கால் தானாக நகர்ந்து தரையில் கிடந்த புரொஜெக்டர் கம்பியைத் தட்டிவிட்டது, சுவர் வெறும் சுவரானது. "ஐயோ மிஸ்!" என்று இருபது குரல். "இணைப்பு போச்சு, நீங்க வரைஞ்சுகிட்டே இருங்க." அதிகாரி கீழே குனிந்து எழுதினார், அந்தப் பேனா உரசும் சத்தம் அவள் காதுக்குள் கேட்டது. எழுதட்டும்.

தன் திரையில் மட்டும் பதினொன்றை அழுத்தினாள். ஜன்னலோரத்தில் வாய் திறக்காமல் உட்காருவாளே, அவளாகத்தான் இருக்கும் என்று பாதி முடிவே செய்திருந்தாள். அவள் இல்லை. ரேடியோ. வகுப்பே வைத்த பட்டப்பெயர், மூச்சு விடாமல் பேசுகிறவள், எல்லோரையும் சிரிக்க வைக்கிறவள், நேற்றுக்கூட "வாயை மூடும்மா கொஞ்சம்" என்று… நாம் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் இத்தனை நாள்?

மணி அடித்தது. அதிகாரி படிவத்தை மடித்தார், கருவி நம்பகமில்லை என்று எழுதியிருப்பதாக அவரே சொன்னார், நல்ல மனிதர்தான், வருத்தத்தோடுதான் சொன்னார். "அப்புறம் பேசலாம் சார், இப்ப ஒரு பிள்ளைகிட்ட பேசணும்," என்றாள், அவர் ஏதோ கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். ரேடியோவை மட்டும் இருக்கச் சொல்லி, அவள் பக்கத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள்.

"பேர் தெரியாதுன்னு சொன்னீங்களே மிஸ்."

"தப்புதான்மா. எனக்குத் தெரியும்கிறதை அப்பவே சொல்லியிருக்கணும்." சுற்றி வளைக்காதே, நேராகக் கேள். "அந்த அலமாரியை யாரு தள்ளினா?"

"நானும் அம்மாவும். ரொம்ப கனம் மிஸ். உள்ள இருக்கிற துணியெல்லாம் வெளிய எடுத்துப் போட்டாத்தான் நகரும்." ஏதோ வீட்டுவேலை சொல்வதுபோலச் சொன்னாள். வெளியே யார் என்று கேட்க வேண்டும், தலைமை ஆசிரியையிடம் இப்போதே போக வேண்டும், இவள் இன்று மாலை அந்த வீட்டுக்குப் போகக் கூடாது, அம்மாவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், ஃபோன் பண்ணினால் அம்மாதான் எடுப்பாள் என்பது என்ன நிச்சயம்… "இது ரெண்டாவது தடவ மிஸ்," என்றாள் ரேடியோ.

"தள்ளினதா?"

"இல்ல. வரைஞ்சது. போன மாசமும் இதையேதான் வரைஞ்சேன். நீங்க ஸ்டார் போட்டீங்க."

ஆசிரியை போன மாதத்துப் பலகையைத் திறந்தாள். நான்காவது சதுரம், அதே கதவு, அதே அலமாரி, கீறல்கள் மட்டும் கொஞ்சம் குறைவு, ஓரத்தில் ஒரு மஞ்சள் நட்சத்திரம், கீழே அவளே தட்டச்சு செய்தது, தூரம் அழகாக வந்திருக்கிறது, தொடர்ந்து செய்… விரல் திரையில் நகர்ந்தது, ஐந்தாவது சதுரத்திலும் நட்சத்திரம், ஒன்பதிலும், பதினேழிலும், முந்தைய வாரத்தில், அதற்கும் முந்தைய வாரத்தில், இவற்றில் இன்னும் எதையெல்லாம் பார்க்காமலே நட்சத்திரம் போட்டேன்… ரேடியோவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு எழுந்தவள், அந்தத் திரையை அணைக்க முடியாமல் நின்றாள்.