ரஞ்சனிக்கு மூன்று தட்டு

கோழிகளுக்குத் திடீர் விருந்தாளிகளைக் கண்டால் ஆகாது. சத்தம் கொடுக்காமல் யாராவது கொட்டகைக்குள் நுழைந்தால் போதும், ஆறாயிரம் கோழியும் ஒரே நேரத்தில் கூண்டில் முட்டி மோதும். அன்றைக்கு உடைந்த முட்டைக்குப் பஞ்சமே இருக்காது. அதனால் மல்லசமுத்திரத்துக்கு மேற்கே இருக்கும் ரஞ்சனியின் பண்ணையில் ஒரு வழக்கம் இருந்தது. கொட்டகை வாசலில் ஓர் இரும்பு வாளி கவிழ்ந்து தொங்கும், பக்கத்தில் ஒரு கம்பி. உள்ளே போகிறவர் யாரானாலும் வாளியைத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ரஞ்சனி மட்டும் தட்ட வேண்டியதில்லை. அவள் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே அத்தாயி எழுந்து போய்த் தட்டிவிடுவாள்.

அத்தாயி முட்டை பொறுக்குகிற பெண்களில் மூத்தவள். வேலைக்காரி என்று பார்த்தால் சாதாரணம், காது மட்டும் சாதாரணமில்லை. முதலாளிக்காகத் தானே ஓடிப்போய்த் தட்டும் அவளுடைய மரியாதையைப் பார்த்து ரஞ்சனிக்கு உள்ளூரப் பெருமை. சில நாள் ஒரு தட்டு, சில நாள் மூன்று. அதை எண்ணிப் பார்க்க ரஞ்சனிக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அப்பா கைலாசம் மூட்டுவலி என்று ஒதுங்கிக்கொண்டு பண்ணையை மகள் கையில் கொடுத்து நான்கு வருஷம் ஆகிறது. ஒரு கொட்டகையை மூன்றாக்கியவள் ரஞ்சனி. தன்னைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு, அதை அவள் மறைத்ததும் இல்லை. “எனக்கு மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணு கெடையாது. கோவம் வந்தாச் சத்தம் போட்டுருவேன், அடுத்த நிமிஷம் மறந்துருவேன்” என்று சொந்தக்காரர்களிடம் சொல்வாள். அவள் மறந்துவிடுவது உண்மைதான். வாங்கிக்கட்டிக்கொண்டவர்கள் மறந்தார்களா என்று அவள் கேட்டதில்லை.

ஒரு பொங்கலன்று எல்லோருக்கும் வேட்டி சேலை கொடுத்துவிட்டு, “என்ன குறை இருந்தாலும் நேரா எங்கிட்டயே சொல்லலாம்” என்று அறிவித்தாள். அதற்குப் பிறகு ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. பண்ணை நன்றாக நடக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஆள் யாரும் வாயே திறக்காத இடம் நன்றாக நடக்கிற இடம் என்று நினைக்கும் முதலாளிகள் இந்த உலகத்தில் அவள் ஒருத்தி மட்டும் இல்லை, அதனால் நாம் அவளை ரொம்பவும் திட்ட வேண்டாம்.

சித்திரை மாதம். காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. முட்டை ஏற்ற வரவேண்டிய லாரி வரவில்லை. ஏஜெண்டைக் கேட்டால் பரமத்தி வேலூர் தாண்டிவிட்டது என்றான், லாரி டிரைவரைக் கேட்டால் இன்னும் கிளம்பவே இல்லை என்றான். பொய் என்றாலே ரஞ்சனிக்குத் தலைக்கு ஏறிவிடும். போனில் கத்திக்கொண்டே பண்ணைக்குள் வந்து, ஸ்கூட்டியின் ஸ்டாண்டை உதைத்து நிறுத்தினாள். அத்தாயி எழுந்து வாளியை மூன்று தட்டுத் தட்டினாள்.

இரண்டாவது கொட்டகையிலிருந்து ஏதோ சொல்ல வந்த சின்னண்ணன் பாதி வழியில் நின்றார். தண்ணீர், மோட்டார், கரண்ட் எல்லாம் அவர் பொறுப்பு. வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

மதியம் வெயில் உச்சிக்கு வந்தபோது இரண்டாவது கொட்டகையில் ஃபாகர் மோட்டார் நின்றுபோனது. கோடையில் கோழிகளின் தலைக்குமேல் தண்ணீரைப் பனிபோலத் தூவுவது அதுதான். அது இல்லாவிட்டால் அந்த வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இறக்கையை விரித்துத் தொங்கப்போடும், பிறகு சாயும். முட்டை பொறுக்கும் மஞ்சுளா ஓடிவந்து ரஞ்சனியிடம் சொன்னபோது முதல் வரிசையில் கோழிகள் சாய ஆரம்பித்திருந்தன. ஆறாயிரம் உயிர், கூடவே நான்கு வருஷ உழைப்பு, எல்லாம் சாயங்காலத்துக்குள் போய்விடும்.

பிறகு நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு ஒருவரும் உட்காரவில்லை. பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கையாலேயே வாரித் தெளித்தார்கள். நனைத்த சாக்குகளைப் பக்கத்து வலையில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். ரஞ்சனி ஹோஸைப் பிடித்துக்கொண்டு கூரைமேல் தண்ணீர் அடித்தாள், புடவை தொப்பலாக நனைந்தது. சின்னண்ணன் தன் வீட்டுத் தொட்டிக்கு வைத்திருந்த மோட்டாரைக் கழற்றி வந்து மாட்டி முடித்தார். பனி தூவத் தொடங்கியதும் கொட்டகையில் கொக்கரிப்பு மெதுவாகத் திரும்பியது. சில நூறு கோழிகள் போயின. மற்றவை பிழைத்துக்கொண்டன.

உயிர் திரும்பியதும் ரஞ்சனிக்குக் கோபமும் திரும்பியது.

“ஒரு மோட்டார் திடீர்னு நிக்குமா? காலையிலயே பொசுங்கற வாசம் வந்திருக்குமே. ஏன் சின்னண்ணா சொல்லலே?”

சின்னண்ணன் தரையைப் பார்த்தார். “சொல்லத்தானுங்க வந்தேன்.”

“வந்து?”

பெண்கள் காலிக் குடங்களை இங்கிருந்து அங்கே நகர்த்தினார்கள். கடைசியில் அத்தாயிதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அவரை வையாதீங்க. நாந்தானுங்க மூணு அடிச்சுப்போட்டேன்.”

“என்ன மூணு?”

“வாளியிலீங்க. ஒண்ணு அடிச்சா நீங்க நல்லா வாரீங்கன்னு அர்த்தமுங்க. மூணு அடிச்சா இன்னைக்கு ஆரும் கிட்டக்கப் போவேண்டாம், எதாச்சும் சொல்றதா இருந்தா நாளைக்குச் சொல்லிக்கலாம்னு. ஸ்கூட்டி ஸ்டாண்டு போடற சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோயிருமுங்க.”

ரஞ்சனி வாளியைத் திரும்பிப் பார்த்தாள். “அது கோழிக்குத்தானே அடிக்கறது?”

“கோழிக்கு எத்தனை அடிச்சா என்னங்க, அதுக எண்ணவா போவுது?”

மஞ்சுளா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். ரஞ்சனி தீவன அறைக்குப் போய்ச் சோள மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

முதலில் எல்லோரையும் வேலையை விட்டு நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. நான்கு வருஷமாகத் தன் முதுகுக்குப் பின்னால் ஊரே சேர்ந்து தாளம் போட்டிருக்கிறது! அப்புறம், இப்படித் தோன்றுவது கோபத்தாலா, அவமானத்தாலா என்று தன்னையே கேட்டாள். அப்படி ஒரு கேள்வியை அவள் தன்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. காலையில் ஏஜெண்டு மேல் இருந்த கோபத்தில் சின்னண்ணனுக்கு என்ன பங்கு? ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பயந்து திரும்பிப் போனவர் அவர், அதற்காகச் செத்தவை கோழிகள். ஏஜெண்டு பொய் சொன்னான் என்று அப்படிக் கத்தினாளே, உண்மையைக் கொண்டுவந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியது அவளுடைய ஸ்டாண்டு சத்தம்தான்.

அத்தாயி ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து நீட்டினாள்.

“ஏன்க்கா, இத்தனை கோவக்காரிகிட்ட எதுக்கு வேலைக்கு வாரீங்க?”

“கோவம் போச்சுன்னா நீங்க தங்கமுங்க. என்ற மருமவளுக்கு வலி வந்தப்ப நீங்கதானே காரை எடுத்துக்கிட்டு நாமக்கல்லுக்குப் பறந்தீங்க? அந்தக் கோவ நேரத்தைத் தாண்டிப்போட்டாப் போதும்னுதான் அந்த வாளி. அது மட்டும் இல்லாட்டி, சாமி, பாதிச் சனம் எப்பவோ நின்னிருக்கும். இன்னைக்குக் குடம் தூக்கவும் ஆளு இருந்திருக்காது.”

ரஞ்சனி மோரைக் குடிக்க முடியாமல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேலி செய்வதற்காக அடித்த வாளி என்று நினைத்தாள். அதுவோ அவளுடைய ஆட்களை அவளுக்காக நிறுத்தி வைத்திருந்த வாளி. இவர்கள் அவளுடைய கோபத்தையும் அவளையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அவளுக்கே அந்தப் பிரிவு தெரியவில்லை. நன்றி என்ற சொல்லை வேட்டி சேலை கொடுக்கும்போது பிறர் தனக்குச் சொல்லிக் கேட்டுத்தான் அவளுக்குப் பழக்கம்.

“நீங்க இன்னைக்கும் மறைச்சிருந்தா எனக்குச் சாகிற வரைக்கும் தெரிஞ்சிருக்காதுக்கா” என்றாள். “ரொம்ப நன்றிங்க்கா.” கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

அத்தாயிக்குக் கூச்சமாகப் போய்விட்டது. “மோரைக் குடிங்க, சூடாயிரும்” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

மறுநாள் காலை அத்தாயி வழக்கம்போல எழுந்தபோது ரஞ்சனி கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கத் தானே கம்பியை எடுத்தாள். “நேத்து சின்னண்ணனைச் சத்தம் போட்டது என்னோட தப்பு. உங்க எல்லாராலதான் கோழிக பொழைச்சுது. இனிமே வாளியை நானே அடிச்சுக்கறேன்” என்றாள். ஒரே ஒரு தட்டு. பெரிய பேச்சு எல்லாம் கிடையாது, அவளுக்கு அது வராது.

தானே அடிப்பது லேசான வேலை இல்லை என்று போகப்போகத்தான் தெரிந்தது. ஒரு தட்டா மூன்றா என்று முடிவு செய்ய, வாசலில் ஒரு நிமிஷம் நின்று உள்ளே என்ன கொதிக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. சில நாள் அப்படிப் பார்த்ததிலேயே கொதிப்பு பாதியாகி, மூன்று அடிக்க எடுத்த கம்பி ஒன்றோடு நின்றுவிடும். சில நாள் நிற்காது. நிற்காத நாளில் மூன்று அடிப்பாள், வெட்கப்படாமல்.

ஆனி பிறந்த பிறகு அப்படி ஒரு நாள். வீட்டில் கணவனோடு வாக்குவாதம், வழியில் சங்ககிரி ரோட்டில் ஒரு போர்வெல் ரிக் லாரிக்காரன் ஒதுங்க இடம் கொடுக்காமல் ஹாரன் அடித்தது வேறு. ஸ்கூட்டியை நிறுத்தினாள், வாளியிடம் போனாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், ஒன்றும் குறையவில்லை. மூன்று தட்டினாள்.

முட்டை பொறுக்கிய பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். கொட்டகைக்குள்ளிருந்து சின்னண்ணன் கையைத் துடைத்தபடி நேராக அவளிடம் வந்தார்.

“ஏனுங்கம்மா, மூணாவது கொட்டகையில தண்ணிக் குழாய் ஒடைஞ்சுபோச்சுங்க. தானா ஒடையலீங்க, நான் கூரைக்கு ஏறறப்ப மிதிச்சுப்போட்டேன்.”

புதுக் குழாய். போன வாரம்தான் மாட்டியது. ரஞ்சனியின் வாய்க்குள் பழைய வார்த்தைகள் எல்லாம் வரிசைகட்டி வந்து நின்றன. பல்லைக் கடித்து அவற்றை நிறுத்தினாள். அப்புறம்தான் அவருடைய முழங்காலில் சிராய்ப்பு இருப்பதைப் பார்த்தாள்.

“கால்ல அடிபட்டுருச்சா?”

“அது ஒண்ணுமில்லீங்க.”

“மருந்து போட்டுக்குங்க மொதல்ல.” மூச்சு விட்டாள். “ஏன் சின்னண்ணா, மூணு அடிச்சேனே, கேக்கலீங்களா?”

“நல்லாக் கேட்டுதுங்க” என்றார் சின்னண்ணன். “கோவமா இருக்கேன்னு நீங்களே அடிச்சுச் சொல்லிப்போட்டீங்க. அப்புறம் எனக்கென்ன பயமுங்க?”

ரஞ்சனி அவரைப் பார்த்தாள். “நன்றிங்க சின்னண்ணா” என்றாள். பிறகு இரண்டு பேரும் உடைந்த குழாயைப் பார்க்கப் போனார்கள்.