மேட்டுத் தண்ணீர்

இரண்டு நகரங்களுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு தெரு. மேற்கே மேடு, பக்கத்து நகராட்சி. கிழக்கே பள்ளம், இவளுடைய நகராட்சி. அங்கே மழைநீர் வடிகால் பிரிவில் இவள் இன்ஜினியர். கட்டட வரைபடங்களுக்குக் கையெழுத்துப் போடுகிறவள். பள்ளத்தின் முதல் வீடு, பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற இவளுடைய அண்ணனுடையது.

அண்ணன் மாடியில் ஒற்றை அறை கட்டக் கிளம்பியபோது, கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல விட ஒரு தொட்டி கட்டினால்தான் கையெழுத்து என்று பிடிவாதமாக நின்றாள். கூடப்பிறந்தவள் இன்ஜினியராக இருப்பதைவிட எதிரி இன்ஜினியராக இருந்தால் தேவலை என்று அண்ணி சிரித்தாள். ஆனாலும் கட்டினார்கள்.

பிறகு மேட்டுப் புல்வெளியில் பொக்லைன்கள் இறங்கின. பிடி மண்கூடத் தெரியாமல் சிமெண்டைப் பூசி, வரிசையாக வீடுகள் எழுந்தன. அவர்களுக்குத் தொட்டி கிடையாதா என்று அண்ணன் வந்து கேட்டார். இவள் இரண்டு நகரங்களின் விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். இங்கே ஒற்றை அறைக்கும் தொட்டி வேண்டும். அங்கே ஓர் ஏக்கருக்கு மேல் கட்டினால்தான். கட்டியவர் கில்லாடி. நிலத்தை ஏக்கருக்குள் அடங்கும் துண்டுகளாக்கி, துண்டுக்கொரு உறவினர் பெயரில் அனுமதி வாங்கியிருந்தார்.

பக்கத்து நகராட்சி இன்ஜினியரைப் போய்ப் பார்த்தாள். தங்கமான மனிதர். சரிவை வரைந்து காட்டியதும், தண்ணீர் உங்கள் பக்கம்தான் வரும் என்று ஒப்புக்கொண்டார். விதியை மாற்றச் சொல்லி அவரும் எழுதியிருக்கிறார். எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

"உங்க இடத்துல நானா இருந்தாலும் இப்படித்தான் வந்து உக்காந்திருப்பேன். ஆனா விதிப்படி அவர் செஞ்சது சரி மேடம். எதை வச்சு நான் நிறுத்துறது?"

இவள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பினாள். அடுத்த வீட்டு அடுப்பில் நாம் கை வைக்க முடியாது என்றார் இவளுடைய மேலதிகாரி. வக்கீலோ, நஷ்டம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

நஷ்டம் ஒரு ஞாயிறு மத்தியானம் வந்தது. பேய்மழை என்றும் சொல்ல முடியாது. இவள் ஓடிப்போனபோது தெருவே கலங்கல் வாய்க்காலாகியிருந்தது. அண்ணனும் அண்ணியும் முழங்கால் தண்ணீரில் கட்டிலைச் செங்கல்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலில் மணல் மூட்டை அடுக்கினாள். தண்ணீர் குளியலறை வழியாக வந்தது. அங்கே சாக்கைத் திணித்தாள். சுவரோரம் ஊறியது.

"மாமியார் ஒடச்சா மண்குடம், மருமக ஒடச்சா பொன்குடம்னு சும்மாவா சொன்னாங்க," என்றார் அண்ணன். இவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "உன்னைச் சொல்லலம்மா. நீ என்ன பண்ணுவே," என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அண்ணி இவள் கையில் ஒரு வாளியைக் கொடுத்தாள்.

இறைத்து இறைத்துக் கை ஓய்ந்து மூவரும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். எதிர்மேட்டுப் பால்கனியிலிருந்து, புதிதாகக் குடிவந்தவர் ஒருவர், ஏதாவது உதவி வேண்டுமா என்று குரல் கொடுத்தார். உண்மையான அக்கறைதான். அண்ணன் வேண்டாமென்று கையசைத்தார். கீழே ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று மெல்லத் திரும்பி, சமையலறைப் பக்கமாக மிதந்து போனது.