மீதி ஏழு கிலோமீட்டர்

எங்கள் வண்டி லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் கொடுக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எங்களுக்குப் பத்துதான் கிடைத்தது. மீதி ஏழு கிலோமீட்டர் அரூர்ப் பக்கம் பாவாயி என்ற அம்மாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இது எங்களுக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை என் கணவர் நல்லசிவம் வண்டியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். நாமக்கல்லில் முட்டை அட்டை வியாபாரம் செய்கிறவர். எதிலும் சேதாரம் பொறுக்கமாட்டார். வண்டியின் எடை குறையட்டும் என்று ஸ்டெப்னி டயரைக் கழற்றிப் பரண்மேல் போட்டார். சித்திரை வெயிலிலும் ஏசி போடவிடமாட்டார். எங்கள் இரண்டு பெண்களும் பின்சீட்டில் துப்பட்டாவால் விசிறிக்கொண்டே வருவார்கள். அப்படியும் பத்துதான்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, டீசல் எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லி சாதிக் பாயின் ஒர்க் ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டு வந்தார். அன்று காலையில்தான் பாவாயி அம்மா ஒரு பை நிறைய மரவள்ளிக்கிழங்கோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"இந்த நம்பர் வண்டி உங்களுதுங்களா?" என்று ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார்.

"ஆமாங்க."

"எங்க கட்டில் கால்ல இந்த நம்பர்தான் இருக்குதுங்க. ஒரு தடவ நேர்ல பாத்துச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். ரொம்ப உபகாரம்."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே சொன்னார். அவருடைய வீட்டுக்காரர் குழந்தைவேலுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் தர்மபுரி ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் டயாலிசிஸ். ஊரிலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். பஸ்ஸில் கூட்டிப்போனால் வாந்தி எடுத்துத் துவண்டுவிடுவார். ஒரு நாள் காலை பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதே என்று இருவரும் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். கட்டில் கிளம்பிவிட்டது.

"ரோட்டுல நல்லாப் போகுதுங்க. மேடு பள்ளம் தெரியாது. போலீஸ்காரர் மட்டும் ஒரு தடவ நிறுத்தி பெல்ட் எங்கேன்னு கேட்டார். அதிலிருந்து அவரத் துண்டால கட்டித்தான் கூட்டிட்டுப் போறேன். ஆஸ்பத்திரில டூவீலர் ஸ்டாண்டுல விட்டா டோக்கன் தர்றாங்க."

"மத்த நாள்ல?"

"வேப்பமரத்துல கட்டிப்போட்டுருவோம்."

ஒரே ஒரு சிரமம்தான் என்றார். நாங்கள் எப்போது கிளம்புவோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் விடிந்ததும் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். நாங்கள் வண்டியை எடுத்தால் கட்டிலும் கிளம்பும். நாங்கள் மார்க்கெட்டோடு நின்றுவிட்டால் கட்டில் பாதி வழியில் நின்றுவிடும். அங்கிருந்து பஸ்தான்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாதிக் பாயின் போன் வந்தது. அவர் குரல் எப்போதும் சத்தமாக இருக்கும். எல்லோருக்கும் கேட்டது.

"சிவம், கண்டுபிடிச்சிட்டேன். ஏழு கிலோமீட்டர் வெளிய போய்ட்டிருக்கு. சின்ன ஓட்டைதான். அடைச்சுட்டா முழுசாப் பதினேழும் உனக்குத்தான். அடைச்சிரட்டுமா?"

பாவாயி அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். என் கணவர் அவரைப் பார்த்தார், கிழங்குப் பையைப் பார்த்தார்.

"வேண்டாம் பாய். இருக்கட்டும்" என்றார்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் எதற்கும் 'இருக்கட்டும்' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நான் கணக்கு டீச்சர். அங்கேயே போட்டுப் பார்த்துச் சொன்னேன். அவர்கள் முப்பத்தெட்டு போக, நாங்கள் ஐம்பத்து நாலு கிலோமீட்டர் போக வேண்டும். நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு ஐம்பத்து நாலு திரும்பி வர வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து ஐம்பத்து நாலாவது கிலோமீட்டரில் சேலத்தில் என் கணவருடைய அக்கா பூங்கோதையின் வீடு இருந்தது. எங்கள் புதுமனைப் புகுவிழாப் பத்திரிகையில் அக்கா வீட்டுக்காரர் பெயர் விட்டுப்போனதிலிருந்து ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"வேற எங்கயாவது ஐம்பத்து நாலு இருக்கான்னு பாரு" என்றார். பார்த்தேன். தோதாக எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, "அம்மா, கிளம்பட்டுங்களா?" என்று போனில் கேட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினார். அன்று அக்கா வீட்டு எதிரில் வண்டிக்குள்ளேயே நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். மூன்றாவது தடவை அக்கா ஒரு செம்பு மோரைக் கொண்டுவந்து கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். நாலாவது தடவை, "பத்திரிகை அடிச்சவன் மாமா பேர விட்டுட்டான்க்கா. நானும் பாக்காம விட்டுட்டேன். தப்புத்தான்" என்று இவர் சொல்லியிருக்கிறார். "சாப்பிட வா" என்றாராம் அக்கா. அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு மத்தியானச் சாப்பாடு அங்கேதான்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் பத்தாம் வகுப்பில் வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தபோது என் கணவரிடமிருந்து போன் வந்தது. வராந்தாவுக்கு வந்து பேசினேன்.

"சேலத்துக்கு முன்னால மல்லூர்ல டயர் வெடிச்சிருச்சு. ஸ்டெப்னி பரண்மேல கிடக்கு" என்றார். மூச்சு வாங்கியது. "கட்டில் தர்மபுரிக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கறப்ப நின்னுபோச்சாம். அவருக்கு நுரையீரல்ல நீர் ஏறிக்கிச்சு, மூச்சுவிட முடியலையாம். அந்தம்மா அழுகுது. ஆம்புலன்ஸ் வர அரை மணி ஆகும்கறாங்க. இங்க டீக்கடைக்காரங்க வண்டியத் தள்றேங்கறாங்க. தள்ளட்டுமா?"

"தள்ளினா டீசல் எரியாது. டீசல் எரிஞ்சாத்தான் அவங்களுக்குக் கிலோமீட்டர்."

"அப்ப என்னதான் பண்றது?"

சுவரில் சாய்ந்து ஒரு நிமிடம் யோசித்தேன். "வண்டி நின்ன இடத்துல இன்ஜின் ஓடினா நமக்கு மைலேஜ் எவ்வளவு?"

"பூஜ்யம்."

"அப்ப பதினேழும் அவங்களுக்கு. ஏசியப் போட்டு, நியூட்ரல்ல வச்சு மிதிங்க."

அவர் மிதித்தார். வாங்கி இத்தனை நாளில் எங்கள் வண்டியில் ஏசி முழுதாக ஓடியது அன்றைக்குத்தான். போனை வைக்காமல் இன்ஜின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே நின்றேன். அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் எரிந்திருக்கும்போது இன்னொரு போனில் பாவாயி அம்மா கூப்பிட்டதை அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, உள்ள கூட்டிட்டுப் போய்ட்டாங்க. ஆக்சிஜன் வச்சிட்டாங்க. கட்டில் பறந்துதுங்க தம்பி, ரெண்டு லாரிய முந்திட்டு வந்துது."

டீக்கடைக்காரர், "அழுவாதீங்க சார், ஒரு டீ குடிங்க" என்று சொன்னது மட்டும் கேட்டது. சாயங்காலம் குழந்தைவேல் எழுந்து உட்கார்ந்து ரெண்டு இட்லி சாப்பிட்டதாகச் செய்தி வந்தது. அன்று நாங்கள் நாலு பேரும் சாமி விளக்கை ஏற்றிக் கும்பிட்டோம்.

மறுநாள் அவரிடம் சொன்னேன். "நம்ம வாசல்லயே ரெண்டேகால் லிட்டர் எரிச்சாப் போதும், அவங்க போய்ச் சேர்ந்திருவாங்க. நீங்க இனிமே சேலம் வரைக்கும் போக வேண்டியதில்லை."

நான் கணக்குப் போட்டிருந்த காகிதத்தை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். "கணக்கு சரிதான்" என்றார். ஸ்டெப்னியைப் பரணிலிருந்து இறக்கி மாட்டினார். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குச் சாவியை எடுத்தார்.

"அக்கா இன்னைக்குக் கொள்ளுப் பருப்பு கடையறேன்னு சொல்லியிருக்கு."

அரையாண்டு விடுமுறையில் நானும் பெண்களும் அவருடன் போனோம். சேலத்துக்குப் பாதி வழியிலேயே, ஆண்டகளூர் கேட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு சோளக்காட்டு ஓரமாக அவர் வண்டியை ஒதுக்கினார். அங்கே பூங்கோதை அக்காவின் வீடு நின்றுகொண்டிருந்தது. மாடிப்படி, பச்சை கேட், கரண்ட் மீட்டர் எல்லாம் சரியாக இருந்தன. அக்கா வாசலில் கோலத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"போன வாரம் மல்லூர்கிட்ட இருந்தோம். வீடு உங்க ஊர்ப்பக்கமா நகந்து நகந்து நேத்துதான் இங்க வந்துச்சு" என்றார். "உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க."

பாவாயி அம்மாவின் மீதித் தூரத்துக்காக அவர் வண்டியை வாசலில் ஓடவிட்டார். இங்கே தண்ணீர் எப்படி என்று அக்காவிடம் கேட்டேன். சேலத்தைவிட உப்பு கம்மி என்றார். ஒரு செம்பு வாங்கிக் குடித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.